பழைய கம்ப்யூட்டரைச் சரிசெய்வதா, புது லேப்டாப் வாங்குவதா? பணத்தை எடுக்கும் முன் படிக்க வேண்டிய பாடம்

சான்றிதழுக்கு விண்ணப்பிப்பது, பட்டா பார்ப்பது, மின் கட்டணம் கட்டுவது என்று பெரும்பாலான வேலைகள் இன்று கையில் இருக்கும் ஸ்மார்ட்போனிலேயே முடிந்துவிடுகின்றன. ஆனால் பத்துப் பக்க ஆவணத்தை ஒரே பிடிஎஃப் கோப்பாக்கி, சொன்ன அளவுக்குள் சுருக்கி, ஐந்தாறு பக்கம் கொண்ட படிவத்தை நிரப்பிப் பதிவேற்ற வேண்டும் என்று வரும்போது சின்னத் திரை கைகொடுப்பதில்லை. அப்போதுதான் வீட்டு மூலையில் துணி போர்த்தி வைத்திருக்கும் பழைய கம்ப்யூட்டர் நினைவுக்கு வருகிறது. ஆன் செய்தால் திரை வருவதற்குள் காபி ஆறிவிடுகிறது. விண்ணப்பத்தின் கடைசி நாள் இரவு பதினொரு மணிக்கு அது அப்படியே நின்றுபோனால் போவது காபி மட்டுமல்ல, ஒரு வருட வாய்ப்பே போய்விடலாம்.

"இதைத் தூக்கிப் போட்டுட்டு ஒரு லேப்டாப் வாங்கிடலாமா, இல்ல இதையே கொஞ்சம் சரி பண்ணி ஓட்டலாமா?" பல வீடுகளில் இப்போது நடக்கும் பேச்சு இதுதான். அவசரப்பட்டால் இரண்டு பக்கமும் நட்டம் உண்டு. சில ஆயிரத்தில் முடியும் வேலைக்குப் பல்லாயிரம் செலவழிப்பவர்கள் இருக்கிறார்கள். இனி தேறாது என்ற பெட்டிக்குள் பணத்தைக் கொட்டிக்கொண்டே இருப்பவர்களும் இருக்கிறார்கள். இந்த இரண்டு குழியிலும் விழாமல், நீங்களே பார்த்து முடிவெடுக்க உதவுவதே இந்தப் பாடம்.

1. முதல் கேள்வி: எந்த வேலைக்கு?

கடைக்குப் போகும் முன் ஒரு தாளில் மூன்று விஷயங்களை எழுதுங்கள். கம்ப்யூட்டரில் என்ன செய்யப் போகிறீர்கள்? வீட்டில் யார் யார் பயன்படுத்துவார்கள்? ஒரே இடத்தில் உட்கார்ந்தா, எடுத்துக்கொண்டு போயா?

மூன்றாவது கேள்விதான் முக்கியம். கல்லூரி விடுதிக்குக் கொண்டுபோக வேண்டும், வாடிக்கையாளர் இருக்கும் இடத்துக்கே போய்க் கணக்கு எழுத வேண்டும், அடிக்கடி ஊர் மாற வேண்டும் என்றால் இங்கேயே விடை கிடைத்துவிட்டது. லேப்டாப்தான். பழைய டெஸ்க்டாப்பை எவ்வளவு வேகமாக்கினாலும் அதைத் தோளில் மாட்ட முடியாது.

மாறாக, விண்ணப்பம் போடுவது, தட்டச்சு, பில் போடுவது, பிள்ளைகளின் பாட வீடியோ, அச்செடுப்பது என எல்லாம் ஒரே மேசையில்தான் நடக்கிறது என்றால் அவசரம் வேண்டாம். இந்த வேலைகளுக்குப் பெரிய வலு தேவையில்லை. நாலைந்து வருடத்துக்கு முந்தைய டெஸ்க்டாப்பே இவற்றைத் தாராளமாகச் செய்யும். பத்து வருடத்துப் பெட்டிகூடச் சில சமயம் செய்யும். அது ஏன் செய்யவில்லை என்பதைத்தான் அடுத்துப் பார்க்க வேண்டும்.

2. பத்து நிமிடப் பரிசோதனை: நோய் எங்கே இருக்கிறது?

"ஸ்லோவா இருக்கு" என்பது காய்ச்சல் மாதிரி. காய்ச்சல் எதனால் வந்தது என்று தெரியாமல் மருந்து வாங்கக் கூடாது. விண்டோஸ் கம்ப்யூட்டராக இருந்தால் நீங்களே கண்டுபிடிக்கலாம்.

கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ் என்ற பகுதிக்குப் போங்கள். சிபியு, மெமரி, டிஸ்க் என்று மூன்று வரைபடங்கள் ஓடும். இப்போது நீங்கள் வழக்கமாகச் செய்யும் வேலையையே செய்யுங்கள். பிரவுசரில் நாலு பக்கம் திறங்கள், ஒரு பிடிஎஃப் திறங்கள். எந்தக் கோடு உச்சியில் போய் ஒட்டிக்கொள்கிறது என்று கவனியுங்கள்.

டிஸ்க் 100 சதவீதத்திலேயே நின்றால்: உங்களிடம் இருப்பது பெரும்பாலும் பழைய ஹார்டு டிஸ்க். அதற்குள் ஒரு தட்டு நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுற்றுகிறது. ஒரு சிறிய ஊசிமுனை அதன் மேல் ஓடி ஓடித் தகவலைத் தேடுகிறது. ஒவ்வொரு தேடலுக்கும் காத்திருக்க வேண்டும். நீங்கள் அனுபவிக்கும் தாமதம் பெரும்பாலும் இந்த ஊசிமுனையின் ஓட்டம்தான்.

மெமரி 85, 90 சதவீதத்துக்கு மேல் நின்றால்: ராம் போதவில்லை. 4 ஜிபி ராம் வைத்துக்கொண்டு இன்றைய பிரவுசரில் நாலு பக்கம் திறந்தாலே மூச்சு முட்டும். ராம் நிரம்பியதும் கம்ப்யூட்டர் மிச்சத்தை டிஸ்க்கில் வைத்து எடுக்கும். அதனால் டிஸ்க்கும் சேர்ந்து திணறும்.

சாதாரண வேலைக்கே சிபியு எப்போதும் 100 சதவீதத்தில் நின்றால்: முதலில் வைரஸ் சோதனை செய்யுங்கள். விசிறியிலும் ஹீட் சிங்க்கிலும் தூசி அடைத்திருக்கிறதா பாருங்கள். சூடு ஏறினால் பிராசஸர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இரண்டும் சரி என்றால் பிராசஸருக்கு வயதாகிவிட்டது என்று பொருள்.

முதல் இரண்டு நோய்க்கும் மருந்து மலிவு. மூன்றாவதற்குத்தான் பெரிய செலவு.

3. தேதி தவறினால் வலைதளமே திறக்காது

பலரும் கவனிக்காத ஒன்று இது. பழைய கம்ப்யூட்டரில் எந்த இணையதளத்தைத் திறந்தாலும் "இணைப்பு பாதுகாப்பானதல்ல" என்ற எச்சரிக்கை வருகிறதா? உடனே "நெட் போயிடுச்சு", "கம்ப்யூட்டர் போயிடுச்சு" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். திரையின் கீழ் மூலையில் தேதியைப் பாருங்கள். பல வருடம் பின்னால் போயிருக்கலாம்.

மதர்போர்டில் ஒரு சிறிய வட்ட பேட்டரி இருக்கும். மின்சாரம் இல்லாதபோதும் கடிகாரத்தை ஓடவைப்பது அதுதான். சில வருடங்களில் அது தீர்ந்துவிடும். தேதி தவறினால், வலைதளங்களின் பாதுகாப்புச் சான்றைப் பிரவுசர் சரிபார்க்க முடியாது. அதனால் பக்கத்தைத் திறக்க மறுக்கும். டிஜிட்டல் கையொப்பமும் சிக்கலாகும். சிஆர் 2032 என்று கேட்டால் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் கிடைக்கும் மிக மலிவான பேட்டரி அது. அதை மாற்றித் தேதியைச் சரிசெய்தால் போதும். இந்தச் சின்ன வட்டுக்காகப் புது லேப்டாப் வாங்க வேண்டியதில்லை.

4. விண்டோஸ் 10 விவகாரம்: இதுதான் உண்மையான கெடு

வேகத்தைவிட முக்கியமானது பாதுகாப்பு. விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 ஜனவரி 14 அன்றே முடிந்துவிட்டது. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. ஆதரவு முடிந்தது என்றால் கம்ப்யூட்டர் ஓடாமல் போய்விடும் என்று பொருளல்ல. புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைக்கும் பாதுகாப்பு அப்டேட் இனி வழக்கம்போல் வராது. வங்கிக் கணக்கு, ஆதார், ஓடிபி எல்லாம் புழங்கும் கம்ப்யூட்டரில் இது விளையாட்டல்ல.

வீட்டுப் பயனாளர்கள் பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் பெறும் நீட்டிப்பு வசதியை மைக்ரோசாஃப்ட் தந்திருக்கிறது. இது மூச்சு வாங்க ஒரு அவகாசம். நிரந்தரத் தீர்வு அல்ல.

உங்கள் டெஸ்க்டாப் விண்டோஸ் 11-க்குத் தகுதியானதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? மைக்ரோசாஃப்டின் பிசி ஹெல்த் செக் என்ற இலவசச் செயலி நேரடியாகப் பதில் சொல்லும். குத்துமதிப்பாகத் தெரிய வேண்டும் என்றால் பிராசஸரின் எண்ணைப் பாருங்கள். செட்டிங்ஸ், சிஸ்டம், அபௌட் என்று போனால் அது இருக்கும். இன்டெல் கோர் ஐ5-7400 என்றால் கோட்டுக்குப் பின் வரும் 7 அதன் தலைமுறை. ஐ3-8100 என்றால் எட்டாம் தலைமுறை. ஐ5-10400 என்றால் பத்தாம் தலைமுறை. இன்டெல்லில் பொதுவாக எட்டாம் தலைமுறையும் அதற்கு மேலும், ஏஎம்டியில் ரைசன் 2000 வரிசையும் அதற்கு மேலும் தகுதி பெறும். குறைந்தது 4 ஜிபி ராம், 64 ஜிபி சேமிப்பிடம், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி ஆகியவையும் வேண்டும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. "டிபிஎம் இல்லை, உங்க சிஸ்டத்துல விண்டோஸ் 11 போட முடியாது" என்று யாராவது சொன்னால் அத்துடன் விட்டுவிடாதீர்கள். எட்டாம் தலைமுறைக்கு மேற்பட்ட பல கம்ப்யூட்டர்களில் அந்த வசதி உள்ளேயே இருக்கும், அணைத்து வைக்கப்பட்டிருக்கும். பயாஸ் அமைப்பில் இன்டெல் என்றால் பிடிடி என்ற பெயரிலும், ஏஎம்டி என்றால் எஃப்டிபிஎம் என்ற பெயரிலும் இருக்கும். அதை ஆன் செய்தால் வேலை முடிந்தது.

ஏழாம் தலைமுறைக்குக் கீழே என்றால்? இரண்டு வழி. ஒன்று, லினக்ஸ். உபுண்டு, லினக்ஸ் மின்ட் போன்றவையும், சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இலவசம். பிரவுசர், பிடிஎஃப், தமிழ்த் தட்டச்சு, லிப்ரே ஆஃபீஸ் எல்லாம் அதில் உண்டு. ஆனால் டிஜிட்டல் கையொப்ப டோக்கன், கைரேகைக் கருவி, உங்கள் பில்லிங் மென்பொருள் ஆகியவை அதில் ஓடுமா என்று முன்கூட்டியே உறுதி செய்துகொள்ளுங்கள். இரண்டாவது வழி, அந்தப் பெட்டிக்கு விடை கொடுப்பது.

குறுக்கு வழியாகத் திருட்டு விண்டோஸ் போட்டுத் தருகிறேன் என்பவரிடம் மாட்டிக்கொள்ள வேண்டாம். அதனுடன் என்னென்ன சேர்ந்து வருகிறது என்று போட்டவருக்கே தெரியாது. பாஸ்வேர்டு திருடும் மென்பொருள்கள் வீட்டுக்குள் வரும் பழைய வாசல் அதுதான்.

5. சரிசெய்வது என்றால் எதை மாற்றுவது?

முதலிடம் எஸ்எஸ்டி. இதில் சுற்றும் தட்டு கிடையாது. சாதாரண ஹார்டு டிஸ்க் விநாடிக்குச் சுமார் 100 முதல் 200 எம்பி வரை படிக்கும். சாட்டா வகை எஸ்எஸ்டி சுமார் 500 எம்பி படிக்கும். அதைவிட முக்கியம், சிதறிக் கிடக்கும் சின்னச் சின்னக் கோப்புகளை எடுப்பதில் வேறுபாடு பல மடங்கு. அதனால்தான் எஸ்எஸ்டி போட்டவர்கள் "புது கம்ப்யூட்டர் மாதிரி இருக்கு" என்கிறார்கள். சாட்டா வாய் இருக்கும் எந்த டெஸ்க்டாப்பிலும் 2.5 அங்குல எஸ்எஸ்டி பொருந்தும். 256 ஜிபி அல்லது 512 ஜிபி வாங்கி விண்டோஸை அதில் வையுங்கள். பழைய ஹார்டு டிஸ்க் நல்ல நிலையில் இருந்தால் போட்டோ, வீடியோ வைக்க அப்படியே இருக்கட்டும். கம்ப்யூட்டரோடு வந்த ஒரிஜினல் விண்டோஸ் உரிமம் டிஸ்க் மாற்றினால் போய்விடாது. அது மதர்போர்டோடு சேர்ந்தது. மதர்போர்டை மாற்றினால்தான் சிக்கல் வரலாம்.

இரண்டாவது ராம். 4 ஜிபி என்றால் 8 ஜிபி ஆக்குங்கள். ஒரே நேரத்தில் பல வேலை செய்பவர்களுக்கு 16 ஜிபி. டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 ஆகியவை ஒன்றின் இடத்தில் ஒன்று பொருந்தாது. லேப்டாப் ராம் டெஸ்க்டாப்புக்கும் பொருந்தாது. இப்போதுள்ள ராமைக் கழற்றி கடைக்குக் கொண்டுபோய்க் காட்டி வாங்குவது நல்லது. இன்னொன்று, விண்டோஸ் 32-பிட் பதிப்பாக இருந்தால் 4 ஜிபிக்கு மேல் போட்டும் பலனில்லை. அபௌட் பக்கத்தில் சிஸ்டம் டைப் என்ற வரியில் 64-பிட் என்று இருக்கிறதா பாருங்கள். ராம் விலை ஏறி இறங்கும் பொருள். அதனால் அன்றைய விலையை இரண்டு மூன்று கடைகளில் விசாரித்துவிட்டே வாங்குங்கள்.

பிராசஸர், மதர்போர்டு, ராம் மூன்றையும் சேர்த்து மாற்றச் சொன்னால், அதைச் சரிசெய்வது என்று சொல்ல முடியாது. பழைய டப்பாவுக்குள் புது கம்ப்யூட்டர் வாங்குகிறீர்கள். தப்பில்லை. ஆனால் அந்த விலையைப் புது லேப்டாப் விலையோடு வைத்துப் பார்த்துவிட்டுச் சரி சொல்லுங்கள். அப்போது எஸ்எம்பிஎஸ் எனும் மின்வழங்கியின் வயதையும் கேளுங்கள். பழைய, தரமில்லாத எஸ்எம்பிஎஸ் எரியும்போது தன்னோடு புது மதர்போர்டையும் சேர்த்துக் கொண்டுபோகலாம்.

எந்த வேலை தொடங்கும் முன்னும், முக்கியமான கோப்புகளை வெளியே ஒரு டிஸ்க்கில் பிரதி எடுத்து வைத்துவிடுங்கள். இதில் மட்டும் "அப்புறம் பாத்துக்கலாம்" என்ற பேச்சே கூடாது.

6. லேப்டாப் தருவது என்ன, எடுத்துக்கொள்வது என்ன?

லேப்டாப்பின் பெரிய பலம் பேட்டரி. மின்சாரம் போனாலும் விண்ணப்பம் பாதியில் நிற்காது. போன் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து வேலையை முடித்துவிடலாம். டெஸ்க்டாப்புக்கு யுபிஎஸ் வேண்டும். சிறிய யுபிஎஸ் தருவது பெரும்பாலும் கோப்பைச் சேமித்து முறையாக அணைக்கும் அளவுக்கான நிமிடங்கள்தான். அதன் பேட்டரியையும் சில வருடங்களுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். லேப்டாப்பில் கேமரா, மைக், ஸ்பீக்கர், வைஃபை எல்லாம் உள்ளேயே இருக்கின்றன. ஆன்லைன் வகுப்புக்கும் நேர்காணலுக்கும் இது பெரிய வசதி.

மறுபக்கத்தையும் பாருங்கள். டெஸ்க்டாப்பில் கீபோர்டு பழுதானால் வேறொன்றை வாங்கிச் செருகினால் முடிந்தது. லேப்டாப்பில் கீபோர்டு, திரை, மதர்போர்டு எது பழுதானாலும் மொத்தத்தையும் பிரிக்க வேண்டும், செலவும் கூடும். தண்ணீர் கொட்டினால், கீழே விழுந்தால் நட்டம் முழுதாக வரும். பேட்டரியும் சில நூறு முறை ஏற்றி இறக்கியபின் பழைய நேரம் தாங்காது. சில மெல்லிய லேப்டாப்களில் ராம் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். பின்னால் கூட்டவே முடியாது.

உடம்பையும் சேர்த்துக் கணக்கு போடுங்கள். லேப்டாப் திரை தாழ்வாக இருப்பதால் கழுத்து குனிந்தே இருக்கும். தினமும் நாலு மணி நேரத்துக்கு மேல் வேலை செய்பவர்கள் லேப்டாப்பை உயர்த்தி வைத்து, தனி கீபோர்டும் மவுஸும் மாட்டிக்கொள்வது நல்லது.

இதற்கு நடுவிலும் ஒரு வழி உண்டு. பழைய டெஸ்க்டாப்பின் மானிட்டர், கீபோர்டு, மவுஸ் நன்றாக இருந்தால் அவற்றைத் தூக்கிப் போடாதீர்கள். புது லேப்டாப்பில் எச்டிஎம்ஐ வழியாக அந்த மானிட்டரை மாட்டினால் வீட்டில் பெரிய திரை, வெளியே போகும்போது லேப்டாப். மானிட்டரில் பழைய விஜிஏ வாய் மட்டும் இருந்தால் ஒரு மாற்றி வாங்க வேண்டும். வெளியே கொண்டுபோகத் தேவையே இல்லை, இடம் மட்டும் குறைவு என்பவர்கள் மினி பிசி எனப்படும் கையகலப் பெட்டியை அதே மானிட்டரில் மாட்டலாம்.

7. கணக்குப் போடுவது எப்படி?

மொத்த விலையை மட்டும் பார்க்கக் கூடாது. அது எத்தனை வருடம் உழைக்கும் என்று வகுத்துப் பார்க்க வேண்டும். கணக்கு புரிவதற்காக ஒரு உதாரணம் வைத்துக்கொள்வோம். இந்தத் தொகைகளுக்குப் பதிலாக உங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

புது லேப்டாப் 40,000 ரூபாய், 5 வருடம் உழைக்கும் என்றால் வருடத்துக்கு 8,000 ரூபாய்.

எட்டாம் தலைமுறை டெஸ்க்டாப்பில் எஸ்எஸ்டி, ராம் போட 6,000 ரூபாய், இன்னும் 3 வருடம் உழைக்கும் என்றால் வருடத்துக்கு 2,000 ரூபாய். யோசிக்கவே வேண்டாம், சரிசெய்யலாம்.

ஐந்தாம் தலைமுறை டெஸ்க்டாப்பில் மதர்போர்டு முதல் எஸ்எம்பிஎஸ் வரை மாற்ற 22,000 ரூபாய், 3 வருடம் என்றால் வருடத்துக்கு 7,300 ரூபாய்க்கு மேல். லேப்டாப்புக்குக் கிட்டத்தட்ட அதே செலவு, ஆனால் எடுத்துச் செல்லவும் முடியாது, பேட்டரியும் இல்லை. இதற்குப் புதியதே மேல்.

மின்சாரத்தையும் பார்க்கலாம். சாதாரண வேலையில் டெஸ்க்டாப்பும் மானிட்டரும் சேர்ந்து 100 வாட், லேப்டாப் 30 வாட் என்று வைத்துக்கொள்வோம். தினம் 6 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் டெஸ்க்டாப் 36 யூனிட் எடுக்கும், லேப்டாப் சுமார் 11 யூனிட். வித்தியாசம் 25 யூனிட். நம் வீட்டு மின் இணைப்பில் இரண்டு மாதத்துக்குக் குறிப்பிட்ட அளவு யூனிட் இலவசம், அதற்கு மேல் அடுக்கு அடுக்காகக் கட்டணம் ஏறும். ஏற்கெனவே அடுக்கின் விளிம்பில் நிற்கும் வீட்டுக்கு இந்த 25 யூனிட் கவனிக்க வேண்டியதே. மற்ற வீடுகளுக்கு, இதற்காக மட்டும் லேப்டாப் வாங்குவதில் அர்த்தமில்லை.

8. மூன்று வீடுகள், மூன்று முடிவுகள்

முதல் வீடு: அரசு வேலைக்குத் தயாராகும் மகள், பத்தாம் வகுப்பு மகன். வீட்டில் ஒன்பதாம் தலைமுறை ஐ3 டெஸ்க்டாப், 4 ஜிபி ராம், ஹார்டு டிஸ்க். இங்கே எஸ்எஸ்டியும் கூடுதலாக 4 ஜிபி ராமும் போதும். விண்டோஸ் 11-ஐ ஏற்றிவிடலாம். விண்டோஸிலேயே வரும் தமிழ்99 விசைப்பலகையைச் சேர்த்துக்கொண்டால் தட்டச்சுப் பழக்கமும் வரும். மிச்சமாகும் பணம் புத்தகத்துக்கும் பயிற்சிக்கும் ஆகும்.

இரண்டாவது வீடு: மகன் வெளியூரில் பொறியியல் சேர்கிறான். வீட்டில் நாலாம் தலைமுறை டெஸ்க்டாப். அதில் ஒரு ரூபாயும் போட வேண்டாம். மகனுக்கு லேப்டாப், 16 ஜிபி ராம் இருந்தால் நான்கு வருடமும் தாங்கும். வாங்கும் முன் எந்த மென்பொருள்கள் பாடத்தில் வரும் என்று அந்தத் துறையில் கேட்டுக்கொள்ளுங்கள். வடிவமைப்பு மென்பொருள்களுக்குத் தனி கிராஃபிக்ஸ் தேவைப்படலாம். பழைய டெஸ்க்டாப்பில் லினக்ஸ் போட்டுப் பெற்றோர் பயன்படுத்தலாம்.

மூன்றாவது, ஒரு ஜெராக்ஸ் கடை. நாள் முழுக்க ஓட வேண்டும், பலர் கை படும், பிரின்டர், ஸ்கேனர், கைரேகைக் கருவி என்று நாலைந்து யுஎஸ்பி வாய் வேண்டும். இங்கே டெஸ்க்டாப்தான் சரி. ஒரு பாகம் கெட்டால் அன்றே மாற்றி அன்றே கடையைத் திறக்கலாம். லேப்டாப் சர்வீஸுக்குப் போனால் திரும்பி வரும்வரை தொழில் நிற்கும். ஜிஎஸ்டி பதிவு பெற்று வழக்கமான முறையில் வரி செலுத்துபவர் என்றால், தொழில் பெயரிலேயே பில் வாங்குங்கள். கட்டிய வரியை உள்ளீட்டு வரியாகக் கழிக்க வழி உண்டு.

9. லேப்டாப்தான் என்று முடிவானால்

- 8 ஜிபி ராம் குறைந்தபட்சம், 16 ஜிபி நல்லது. கூடுதல் ராம் போட இடம் இருக்கிறதா என்று கேளுங்கள்.
- 512 ஜிபி எஸ்எஸ்டி. 64 ஜிபி இஎம்எம்சி என்று போட்டிருக்கும் மலிவு மாடல்களைத் தவிருங்கள். விண்டோஸ் அப்டேட்டுக்கே இடம் போதாமல் திணறும்.
- திரை முழு எச்டி, அதாவது 1920 பெருக்கல் 1080.
- சாதாரண யுஎஸ்பி வாய் இரண்டாவது இருக்க வேண்டும். டைப்-சி மட்டும் இருந்தால் டிஜிட்டல் கையொப்ப டோக்கனுக்கும் பென் டிரைவுக்கும் இணைப்பி தேட வேண்டிவரும்.
- "டாஸ்" என்று போட்டிருந்தால் அதில் விண்டோஸ் கிடையாது. விலை குறைவாக இருப்பதன் காரணம் அதுதான்.
- வாரண்டி எத்தனை வருடம், வீட்டுக்கே வந்து செய்வார்களா, நாம் கொண்டுபோக வேண்டுமா, பக்கத்து சர்வீஸ் சென்டர் எந்த ஊரில் என்று கேளுங்கள்.
- பெட்டியில், லேப்டாப்பின் அடியில், பில்லில் மூன்றிலும் உள்ள வரிசை எண் ஒன்றா என்று ஒப்பிடுங்கள். ஜிஎஸ்டி எண்ணுடன் பில் வாங்காமல் வெளியே வராதீர்கள்.

ஆன்லைனில் வாங்கினால் பெட்டியைப் பிரிப்பதை முதல் நொடியிலிருந்து வீடியோ எடுத்து வையுங்கள். பழுதான பொருள், மாற்றித் தர மறுப்பு போன்ற பிரச்சினைக்கு முதலில் விற்றவருக்கு எழுத்து மூலம் புகார் கொடுங்கள். தீரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. "பாதி விலையில் லேப்டாப்" என்று வாட்ஸ்அப்பில் வரும் இணைப்பில் பணம் கட்டி ஏமாந்துவிட்டால் உடனே 1930-க்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணத்தைத் தடுத்து நிறுத்தும் வாய்ப்பு அவ்வளவு அதிகம்.

பழைய லேப்டாப் வாங்குபவர்கள், விற்பவரின் அசல் பில்லைக் கேளுங்கள். முன்னே சொன்ன தலைமுறை எண்ணைப் பாருங்கள். பேட்டரி எவ்வளவு நேரம் நிற்கிறது என்று ஓடவிட்டுப் பாருங்கள். பயாஸ் பாஸ்வேர்டு போட்டிருந்தால் வேண்டாம் என்று வந்துவிடுங்கள்.

10. பழையதை வெளியே அனுப்பும் முன்

விற்கிறீர்களோ, எக்ஸ்சேஞ்சில் கொடுக்கிறீர்களோ, காயலான் கடையில் போடுகிறீர்களோ, ஒன்றை மறக்காதீர்கள். அந்த டிஸ்க்கில் உங்கள் குடும்பமே இருக்கிறது. ஆதார், பாஸ்புக் முதல் பக்கம், கையொப்பத்தின் ஸ்கேன், பிள்ளைகளின் மதிப்பெண் சான்று, பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டு. டெலீட் செய்து ரீசைக்கிள் பின்னைக் காலி செய்வது மட்டும் போதாது. மீட்டெடுக்கும் மென்பொருள்கள் அவற்றை மறுபடி எடுத்துவிடும்.

கம்ப்யூட்டர் ஓடும் நிலையில் இருந்தால் செட்டிங்ஸில் ரீசெட் பகுதிக்குப் போய், எல்லாவற்றையும் நீக்கு என்பதைத் தேர்ந்தெடுத்து, டிஸ்க்கை முழுதாகத் துடைக்கும் வசதியையும் ஆன் செய்யுங்கள். நேரமாகும், பொறுத்திருங்கள். ஓடவே இல்லை என்றால் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொண்டு மற்றதை மட்டும் கொடுங்கள். சர்வீஸுக்குக் கொடுக்கும்போதும் இதே கவனம் வேண்டும். டிஜிட்டல் கையொப்ப டோக்கனை எடுத்துவிட்டு, வங்கி, மின்னஞ்சல் கணக்குகளிலிருந்து வெளியேறிவிட்டுக் கொடுங்கள்.

உதவாத பாகங்களைக் குப்பைத் தொட்டியில் போடக் கூடாது. மின்கழிவில் ஈயம் போன்ற நச்சுப் பொருள்கள் உண்டு. எரித்தால் காற்றிலும் புதைத்தால் மண்ணிலும் கலக்கும். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்கழிவு மேலாண்மை விதிகள் 2022-இன்படி, பயன் முடிந்த பொருள்கள் மறுசுழற்சிக்குப் போவதில் தயாரிப்பு நிறுவனங்களுக்கும் பொறுப்பு உண்டு. நிறுவனத்தின் சேகரிப்பு மையத்திலோ, அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சியாளரிடமோ ஒப்படையுங்கள்.

கையில் வைத்துக்கொள்ள ஒரு சுருக்கம்

எடுத்துச் செல்ல வேண்டுமா? ஆம் என்றால் லேப்டாப்.

ஒரே இடத்தில் வேலை, எட்டாம் தலைமுறைக்கு மேல்? எஸ்எஸ்டி, தேவைப்பட்டால் ராம். விண்டோஸ் 11-க்கு மாறுங்கள்.

ஏழாம் தலைமுறைக்குக் கீழே, வேலை எளிமையானது, சிறப்புக் கருவிகள் இல்லை? எஸ்எஸ்டி போட்டு லினக்ஸ்.

ஏழாம் தலைமுறைக்குக் கீழே, விண்டோஸ் கட்டாயம் வேண்டும்? அதில் பணம் போடாதீர்கள். புதியது வாங்குங்கள், லேப்டாப்பா டெஸ்க்டாப்பா என்பதை முதல் பகுதியில் எழுதிய தாள் சொல்லும்.

வருடச் செலவு இரண்டிலும் ஒன்றாக வருகிறதா? புதியதற்குப் போங்கள்.

எந்த முடிவாக இருந்தாலும், ஏதாவது ஒரு விண்ணப்பத்தின் கடைசி வாரத்தில் இந்த வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள். பெட்டி கடையில் இருக்கும்போதுதான் தேதி முடியும். கைவசம் நேரம் இருக்கும்போதே டாஸ்க் மேனேஜரை ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள். அதற்குப் பத்து நிமிடம் போதும், செலவும் ஒன்றுமில்லை.